பண்டலுக்கு அடங்காத எண்கள்

'இதனால் என்ன பிரயோஜனம்?' என்று ஒரு கேள்வி நம்மவர்களிடம் இருக்கிறது. கேட்கிறவர் தம்மைப் பெரிய காரியவாதி என்று எண்ணிக்கொண்டுதான் கேட்கிறார். கேட்டு முடித்ததும், எதிரில் இருப்பவன் வாயடைத்துப் போய்விட்டான் என்கிற திருப்தியும் அவர் முகத்தில் தோன்றும். நாவல் படிக்கும் உங்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. பகல் வேளையில் ஒரு கதைப் புத்தகத்தோடு உட்கார்ந்தால் மாமனாரோ மாமியாரோ அடுத்த வீட்டுக்காரரோ கேட்டிருப்பார்கள். கதை எழுதிப் பிழைக்கிற எனக்கும் புதிதல்ல. ஆகையால் இந்தக் கேள்வியோடு எனக்கு நெடுநாள் வழக்கு உண்டு. இன்றைக்குக் கதையின் சார்பில் வாதாட வரவில்லை. கணக்கின் சார்பில் வந்திருக்கிறேன். அதிலும், கணக்கிலேயே உதவாக்கரை என்று பெயர் வாங்கிய பகா எண்களின் சார்பில்.

நான் விருதுநகர்ப் பக்கத்துக்காரன். எங்கள் சீமையில் கணக்குத் தெரியாதவனை யாரும் மதிப்பதில்லை. துவரம் பருப்பு, மல்லி, வற்றல், நல்லெண்ணெய் என்று எதை எடுத்தாலும், விருதுநகர் மார்க்கெட் நிலவரம் என்ன என்று பத்திரிகையில் பார்த்து விலை வைத்த வெளியூர் வியாபாரிகள் எத்தனையோ பேர். அங்கிருந்து சாத்தூர், சிவகாசி என்று போனால் தீப்பெட்டி, வெடி, அச்சு. எல்லாம் எண்ணிக்கைத் தொழில்கள். இப்படிக் கணக்கிலேயே பிறந்து கணக்கிலேயே வளர்ந்த ஜனங்கள், கணக்கின் மிக அழகான பகுதியைப் பற்றிப் பேச்செடுத்தால் மட்டும் 'என்ன பிரயோஜனம்?' என்கிறார்கள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பகா எண் என்றால் என்ன என்பதைத் தீப்பெட்டியை வைத்தே சொல்லிவிடலாம். தீப்பெட்டி வியாபாரத்தில் ஒரு பண்டல் என்பது 600 பெட்டி. அடுக்குவதற்கு இது எவ்வளவு வசதியான எண் என்று பாருங்கள். பத்துப் பத்தாக அறுபது வரிசை வைக்கலாம். இருபது இருபதாக முப்பது வரிசை வைக்கலாம். இருபத்துநான்கு இருபத்துநான்காக இருபத்தைந்து வரிசையும் வரும். 600-ஐ மிச்சமில்லாமல் வகுக்கும் எண்கள் மொத்தம் 24 இருக்கின்றன. பழைய குரோஸ் கணக்கும் அப்படித்தான். பன்னிரண்டு டஜன், 144. வியாபாரிக்கு இப்படி வளைந்து கொடுக்கிற எண்கள்தான் உற்ற தோழர்கள்.

இனி அந்தப் பண்டலோடு ஒரே ஒரு பெட்டியைச் சேருங்கள். 601. இரண்டிரண்டாக அடுக்கினால் ஒன்று மிஞ்சும். மும்மூன்றாக அடுக்கினாலும் மிஞ்சும். ஏழேழாகவோ பதினொன்று பதினொன்றாகவோ எப்படி அடுக்கினாலும் சரியான கட்டு வராது. ரயில் வண்டி மாதிரி ஒற்றை வரிசையாக நீட்டி வைத்தால்தான் உண்டு. ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதனாலும் மிச்சமின்றி வகுபடாத இத்தகைய எண்ணைத்தான் பகா எண் என்கிறோம். சரி, ஒரு பெட்டியைக் கூட்டியதால்தானே தொல்லை, குறைத்துப் பார்ப்போம் என்றால் 599 வருகிறது. அதுவும் பகா எண்! எல்லோருக்கும் இசைந்து போகிற 600, யாருக்கும் இசையாத இரண்டு பேருக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறது. நாள்தோறும் பண்டல் பண்டலாகக் கட்டி அனுப்புகிற எங்கள் சீமையில் இதை எத்தனை பேர் கவனித்திருப்பார்கள்?

இரண்டே வித்தியாசத்தில் நிற்கும் இந்த மாதிரி ஜோடிகளுக்கு இரட்டைப் பகா எண்கள் என்று பெயர். 11-ம் 13-ம் ஒரு ஜோடி. 17-ம் 19-ம் ஒரு ஜோடி. எண்ணிக்கொண்டே போனால் இந்த ஜோடிகள் எங்காவது தீர்ந்து போகுமா, அல்லது முடிவில்லாமல் வந்துகொண்டே இருக்குமா? உலகத்தில் இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. 2013-ஆம் வருஷம் இட்டாங் ஷாங் என்பவர், ஏழு கோடிக்குக் குறைந்த வித்தியாசம் உள்ள பகா எண் ஜோடிகளுக்கு முடிவே இல்லை என்று நிரூபித்தார். பிறகு பலர் கூடி அந்த ஏழு கோடியை 246 வரைக்கும் இறக்கிவிட்டார்கள். எங்கள் ஊர்க் கமிஷன் கடையில்கூட இப்படி ஒரு பேரம் நடந்ததில்லை. ஆனால் 246-லிருந்து 2-க்கு இறங்க இன்னும் வழி கிடைக்கவில்லை.

இன்னொன்று. இரண்டுக்கு மேற்பட்ட எந்த இரட்டைப்படை எண்ணையும் இரண்டு பகா எண்களின் கூட்டுத் தொகையாக எழுதலாம் என்று 1742-ஆம் வருஷம் கோல்ட்பாக் என்பவரின் கடிதப் போக்குவரத்தில் ஒரு கருத்துப் பிறந்தது. நம் 600 என்றால் 7-ம் 593-ம். சோதித்துப் பார்த்த எண்களில் எல்லாம் சரியாகவே இருக்கிறது. எல்லா எண்களுக்கும் அது சரிதானா என்பதை மட்டும் இதுவரை யாரும் நிரூபிக்கவில்லை. ஒரு சிறு பையனுக்குப் புரிகிற கேள்விக்கு உலகத்து மேதைகளால் விடை சொல்ல முடியவில்லை என்றால், இதைவிடப் பெரிய மர்மக் கதை வேறு என்ன வேண்டும்?

எல்லாமே மர்மம் என்றும் எண்ணிவிடாதீர்கள். பகா எண்கள் எங்கேனும் தீர்ந்து போகுமா என்ற கேள்விக்குச் சுமார் 2,300 வருஷங்களுக்கு முன்பே யூக்ளிட் பதில் சொல்லிவிட்டார். உமக்குத் தெரிந்த பகா எண்களை எல்லாம் ஒரு சிட்டையில் எழுதும். இவ்வளவுதான், இதற்கு மேல் இல்லை என்று சாதியும். பிறகு அவற்றை ஒன்றோடொன்று பெருக்கி, வந்த தொகையோடு ஒன்றைக் கூட்டும். அத்தனை தீப்பெட்டிகளை உமது சிட்டையில் உள்ள எந்த எண்ணைக் கொண்டு அடுக்கினாலும் கடைசியில் ஒரு பெட்டி மிஞ்சிவிடும். ஆனால் ஒன்றுக்கு மேற்பட்ட எந்த எண்ணும் ஏதாவது ஒரு பகா எண்ணால் வகுபட்டே தீரவேண்டும். அப்படியானால் அந்தப் பகா எண் உமது சிட்டையில் இல்லாத ஒன்று! 2, 3, 5, 7, 11, 13, இவைதான் எல்லாம் என்று சாதித்தீரானால், பெருக்கி ஒன்று கூட்டியது 30,031. அது 59-ஐயும் 509-ஐயும் பெருக்கி வந்த தொகை. இரண்டுமே சிட்டையில் இல்லை. எவ்வளவு நீளமான சிட்டை போட்டாலும் இதே கதிதான். இதைப் புரிந்துகொள்ளப் பட்டம் வேண்டாம். பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும். யூக்ளிட் காலத்துக் கோட்டைகள் இடிந்து மண்ணாகிவிட்டன. இந்த நியாயத்தில் ஒரு செங்கல் பெயரவில்லை.

பருப்புக் கமிஷன் கடை வைத்திருக்கும் ஓர் அண்ணாச்சியிடம் ஒரு நாள் இதை எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். பொறுமையாகக் கேட்டார்.

"எல்லாம் சரி தம்பி. 1922-ல ஐய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்கு எதுக்குப் போனாங்க? தீப்பெட்டி செய்யக் கத்துக்கிடத்தானே? கத்துக்கிட்டு வந்தாங்க, சிவகாசி பொழைச்சது. இந்தப் பகா எண்ணைக் கத்துக்கிட்டு எந்த ஊரு பொழைச்சது?"

அவர் சொல்லி வாய் மூடவில்லை. மேஜைமேல் இருந்த சிறிய பெட்டி, யாரோ ஒரு வாடிக்கைக்காரர் செல்போன் மூலம் அனுப்பிய பணம் வந்து சேர்ந்ததென்று உரக்க அறிவித்தது.

"அண்ணாச்சி, இந்தப் பணம் வழியில் எவன் கையிலும் சிக்காமல் உங்களிடம் வந்ததே, எப்படி என்று யோசித்தீர்களா?" என்றேன்.

விஷயம் இதுதான். 59-ஐயும் 509-ஐயும் பெருக்கச் சொன்னால் காகிதத்தில் ஒரு நிமிஷத்தில் பெருக்கிவிடலாம். 30,031-ஐ மட்டும் கொடுத்து, எந்த இரண்டைப் பெருக்கி இது வந்தது என்று கேட்டால் விழிக்க வேண்டியதுதான். எண் பெரிதாக ஆக, இந்த விழிப்பும் பன்மடங்கு பெரிதாகிறது. 1977-இல் அமெரிக்காவில் ரிவெஸ்ட், ஷமீர், ஏடெல்மன் என்ற மூவர் இந்த ஒரு வழிப் பாதையைக் கொண்டு ஒரு பூட்டுச் செய்தார்கள். பெருக்கி வந்த தொகைதான் பூட்டு. அதை ஊரறியக் கொடுத்துவிடலாம். அந்த இரண்டு பகா எண்கள்தான் சாவி. அவை உரியவரிடம் மட்டும் இருக்கும். பரீட்சை பார்க்கலாம் வாருங்கள் என்று அந்த வருஷமே 129 இலக்கங்கள் கொண்ட ஓர் எண்ணை வெளியிட்டார்கள். அதைப் பிளக்க 1994 வரை ஆயிற்று. அதற்கும் சுமார் அறுநூறு பேர் தங்கள் கணிப்பொறிகளோடு ஒன்று சேர வேண்டியிருந்தது. இப்போது புழங்கும் இத்தகைய பூட்டுகளில் எண்கள் 600 இலக்கங்களுக்கு மேல் போகின்றன. இணையத்தின் வழியே போகும் பணத்தையும் ரகசியங்களையும் காப்பதில் இந்தப் பூட்டுக்கும், பகா எண்களையே அஸ்திவாரமாகக் கொண்ட வேறு பூட்டுகளுக்கும் பெரும் பங்கு உண்டு.

வேடிக்கை என்னவென்றால், இராமானுஜனை உலகுக்குக் காட்டிய ஹார்டி, 1940-இல் எழுதிய சிறு நூலில், எண் கணிதம் யுத்தத்துக்கு உதவாதது என்று பெருமையோடு எழுதினார். முப்பத்தேழு வருஷங்களில் ராணுவங்களும் வங்கிகளும் அதைத் தேடி வந்துவிட்டன.

அண்ணாச்சிக்கு இந்தப் பதில் மிகவும் பிடித்துவிட்டது. "அப்படிச் சொல்லுங்க!" என்றார். வழக்கு ஜெயித்துவிட்டது என்று நீங்களும் நினைக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. 'பிரயோஜனம் இருக்கிறது, ஆகையால் மதிக்கிறேன்' என்றால், நீதிபதி ஆசனத்தில் இன்னமும் அந்தப் பழைய கேள்விதானே உட்கார்ந்திருக்கிறது? 1994-இலேயே பீட்டர் ஷோர் என்பவர், குவாண்டம் கணிப்பொறி என்ற புது மாதிரி யந்திரம் போதுமான அளவில் செய்யப்பட்டால் இந்தப் பூட்டு உடைந்துவிடும் என்று காட்டிவிட்டார். அப்படி உடைகிற அன்று பகா எண்கள் மறுபடியும் உதவாக்கரை ஆகிவிடுமா? யூக்ளிட்டின் நியாயம் பொய்யாகிவிடுமா? மேலும், யூக்ளிட் காலத்திலிருந்து இந்தப் பூட்டு வரும் வரை இரண்டாயிரம் வருஷங்களுக்கு மேல் பகா எண்களைக் காப்பாற்றி வைத்தவர்கள் யார்? லாபம் பார்க்காதவர்கள். அவர்களும் 'என்ன பிரயோஜனம்?' என்று கேட்டிருந்தால் அண்ணாச்சியின் பெட்டி பேசியிராது.

இந்தக் கேள்வியின் மேல் எனக்கு இருக்கும் கோபத்துக்கு இன்னொரு காரணம் உண்டு. அது எல்லோரிடமும் ஒரே மாதிரி கேட்கப்படுவதில்லை. பட்டணத்துப் பணக்காரப் பிள்ளை சதுரங்கம் ஆடினால், 'மூளைக்கு நல்ல பயிற்சி' என்கிறோம். கணிதப் புதிர்ப் போட்டிக்குப் பணம் கட்டி அனுப்புகிறோம். ஏழைப் பிள்ளை ஒன்றை ஆசையாய்க் கேட்டால்தான் பிரயோஜனம் நம் ஞாபகத்துக்கு வருகிறது.

சிவகாசிப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு இலக்கிய மன்றத்தில் பேசப் போயிருந்தேன். கூட்டம் தொடங்க நேரம் இருந்ததால் ஒரு வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கணக்குப் பாடம் நடந்துகொண்டிருந்தது. ஒரு பெண் எழுந்து, "சார், கடைசிப் பகா எண் எது சார்?" என்று கேட்டாள்.

"அது பரீட்சைக்கு வராது, உட்காரு" என்றார் ஆசிரியர்.

உட்கார்ந்துவிட்டாள். அவளுடைய தாயார் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிறவள் என்று பிறகு தெரிந்தது.

அந்த ஆசிரியர்மேல் குற்றம் சொல்ல மாட்டேன். அவர் தலைமேல் சதவீதம் தொங்குகிறது. பிளஸ் டூ தேர்ச்சியில் பெயர் போன ஜில்லா எங்களுடையது. 2023-இல் 97.85 சதவீதத்தோடு மாநிலத்திலேயே முதலில் நின்றது. நானும் சந்தோஷப்பட்டவன்தான். அந்தச் சதவீதத்தின் அருமை எனக்குத் தெரியும். தாம் சிறு வயதில் படிப்பை விட்டவரான காமராஜர், பிள்ளைகளின் வயிற்றுக்குச் சோறு போட்டுப் பள்ளிக்கு அழைத்தார். அப்படியும் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேர் விடியுமுன்னே ஆபீஸ் பஸ் ஏறிப் போய், பள்ளம் வெட்டிய சட்டங்களில் குச்சி அடுக்கினார்கள். சிவகாசிக் குழந்தைகளைப் பற்றிய வழக்கில், ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்டவேண்டும் என்று 1996 டிசம்பர் 10-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொல்லும்படி இருந்தது எங்கள் நிலைமை. அந்தக் குழந்தைகள் எண்ணாத எண்ணா? எண்ணி எண்ணி விரல் தேய்ந்தவர்கள் அவர்கள். ஆனால் எண்ணியதெல்லாம் பிறத்தியார் கணக்கில் ஏறியது. இன்று சட்டத்திலிருந்து அவர்களை மீட்டுப் பள்ளிக்குக் கொண்டுவந்துவிட்டோம். அங்கே குச்சிக்குப் பதிலாக மார்க்கை அடுக்கச் சொல்கிறோம். எண்ணுவதில் உள்ள ஆனந்தம் அன்றைக்கும் அவர்களுக்கு இல்லை, இன்றைக்கும் இல்லை என்றால், மீட்டது பாதிதான்.

சீசன் வந்தால் எங்கள் ஜனங்கள் வேனைப் பிடித்துக்கொண்டு ராஜபாளையம் வழியாகக் குற்றாலம் போகிறார்கள். பக்கத்திலேயே வல்லம் இருக்கிறது. அங்கே 1901-இல் பிறந்தவர் சு. சி. பிள்ளை என்ற சிவசங்கரநாராயண பிள்ளை. ஒரு வயதில் தாயை இழந்தார். பள்ளிப் படிப்பின் கடைசி வருஷத்தில் தகப்பனாரையும் இழந்தார். படிப்பு அதோடு நின்றிருக்கும். சாஸ்திரியார் என்ற ஆசிரியர் தம் சம்பளத்தில் ஒரு பங்கைக் கொடுத்துப் படிக்க வைத்தார். அந்தப் பிள்ளைதான் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, வேரிங் என்பவர் பெயரால் வழங்கும் பழைய பிரச்னையில் உலகம் வியக்கும் வேலை செய்தார். 1940-இல் அவர் கண்ட ஓர் உண்மையைக் கேளுங்கள். வரிசையாக வரும் எண்களை, 16 வரைக்கும், எங்கிருந்து வேண்டுமானாலும் எடுங்கள். மற்ற எதனோடும், ஒன்றைத் தவிர, பொது வகுஎண் இல்லாத ஓர் எண்ணாவது அவற்றில் இருந்தே தீரும். 17 எண்களை எடுத்தால் இந்த விதி நிற்பதில்லை. 2184 முதல் 2200 வரை எழுதிப் பாருங்கள், தோற்றுவிடும். பதினாறுக்கு உண்மை, பதினேழுக்குப் பொய்! 1950 ஆகஸ்ட் 31-இல், அமெரிக்காவுக்குப் போகும் வழியில், கெய்ரோவுக்கு அருகே விமான விபத்தில் இறந்துபோனார். வயது நாற்பத்தொன்பது. குற்றாலத்தில் குளித்துவிட்டு வருகிறவர்களில் எத்தனை பேருக்கு இவர் பெயர் தெரியும்?

இராமானுஜன் பெயரை எல்லோரும் சொல்கிறோம். அவர் கும்பகோணத்துக் கல்லூரியில் உபகாரச் சம்பளத்தை இழந்தவர், சென்னையில் எஃப்.ஏ. பரீட்சையில் தோற்றவர் என்பதை மட்டும் மறந்துவிடுகிறோம். இன்றைய சதவீதக் கணக்கில் அவர் நமக்கு ஒரு நஷ்டம். துறைமுக ஆபீஸில் மாதம் முப்பது ரூபாய்க்குக் குமாஸ்தாவாக இருந்துகொண்டு, 1913 ஜனவரியில் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். பகா எண்களைப் பற்றி அவர் கொண்டிருந்த சில முடிவுகள் தவறாகவே போயின. அவரையும் ஏமாற்றிய எண்கள் அவை. ஆனாலும் விடவில்லை. ஒன்றுக்கு மேற்பட்ட எந்த எண்ணுக்கும் அதன் இரு மடங்குக்கும் நடுவில் ஒரு பகா எண்ணாவது கட்டாயம் இருக்கும் என்பதற்கு, மரணத்துக்கு முந்திய வருஷமான 1919-இல், இரண்டே பக்கத்தில் ஒரு புது நிரூபணம் வெளியிட்டார்.

அதெல்லாம் அந்தக் காலம் என்று சொல்வீர்கள். 2002-இல் கான்பூர் ஐ.ஐ.டி.யில் மணீந்திர அகர்வாலும், அப்போதுதான் பட்டம் பெற்றிருந்த நீரஜ் கயால், நிதின் சக்சேனா என்ற இரு இளைஞர்களும் சேர்ந்து, ஓர் எண் பகா எண்தானா என்பதை ஊகம் எதுவும் இல்லாமல் விரைவில் தீர்மானிக்கும் வழி கண்டு உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தார்கள்.

'எல்லோரும் இராமானுஜன் ஆக முடியுமா?' என்று அடுத்த கேள்வி வரும். முடியாது; ஆகவும் வேண்டாம். நாவல் படிக்கிறவர்கள் எல்லோரும் நாவல் எழுதவா போகிறோம்? படித்த நேரத்துக்கு நம் மனசு விசாலமாகிறது, அது போதாதா? ஒரு விஷயம், வாத்தியார் சொன்னதற்காக அல்லாமல், புத்தகத்தில் அச்சிட்டதற்காக அல்லாமல், தன் புத்தியாலேயே கண்டதனால் உண்மை என்று ஒரு பெண் உணர்கிற நிமிஷம் இருக்கிறதே, அது அவளுடைய சொந்தச் சொத்து. எந்தக் கடன்காரனும் அதை ஜப்தி செய்ய முடியாது. தீப்பெட்டி ஆபீஸ்காரியின் மகளுக்கு வேலையும் வேண்டும், மார்க்கும் வேண்டும். யார் இல்லை என்றார்கள்? அதோடு இதுவும் வேண்டும் என்பதே என் கட்சி.

இதற்குப் பெரிய திட்டமோ கமிட்டியோ தேவையில்லை. "நல்ல கேள்வியம்மா. எது கடைசி என்று நீயே ஒன்று சொல்லு, பார்ப்போம்" என்று அந்த வகுப்பில் யாராவது சொல்லியிருந்தால் பத்து நிமிஷத்தில் யூக்ளிட் அந்த அறைக்குள் வந்திருப்பார். கரும்பலகை ஒன்று போதும்.

உங்கள் வீட்டிலும் தீப்பெட்டி இருக்கும். அநேகமாக எங்கள் பக்கத்துச் சரக்காகத்தான் இருக்கும். பிள்ளையைக் கூப்பிட்டு உட்கார வைத்து, பன்னிரண்டு குச்சிகளை எடுத்துக் கொடுத்து, சமமான வரிசைகளாக எத்தனை விதத்தில் வைக்கலாம் என்று கேளுங்கள். வைத்து முடித்ததும் இன்னும் ஒரே ஒரு குச்சியைக் கொடுங்கள். பிள்ளை வைத்து வைத்துக் கலைக்கும், பிறகு நிமிர்ந்து, "ஏன் வரமாட்டேங்குது?" என்று கேட்கும். அந்தச் சமயம் பார்த்து வீட்டில் யாராவது பெரியவர், 'இதனால் என்ன பிரயோஜனம்?' என்று ஆரம்பித்தால், அவரையும் உட்காரச் சொல்லிப் பதின்மூன்று குச்சிகளை அவர் கையிலும் கொடுங்கள்.